செய்மதி காட்டும் வழியும் அதன் பிழை திருத்தமும்

ஒருகொடவத்தையில், 2021ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய களனிப் பாலத்துக்கு ஏறும் உயர்வீதியும், நிலத்தோடு செல்லும் பழைய வீதியும் அருகருகே உள்ளன. நோயுற்ற முதியவர் ஒருவரை ஏற்றவந்த வாடகை வண்டி, கைத்தொலைபேசி காட்டிய குறியை நம்பி உயர்வீதியில் ஏறி, ஆற்றைக் கடந்து திரும்பி வரும்வரை நாம் வாயிலிற் காத்து நின்றோம். அன்று எழுந்த வினாவே இப்பாடத்துக்குத் தோற்றுவாய்.

ஜி.பி.எஸ். செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலிருந்து நேரக்குறியை வானொலி அலையில் அனுப்புகின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் அலைகள் வந்துசேர எடுத்த காலத்தைக் கணித்துக் கருவி தன்னிடத்தை அறிகின்றது. அலை செக்கனுக்கு 300,000 கிலோமீற்றர் செல்வதாதலின், செக்கனிற் பத்திலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீற்றர் பிழைக்கும்.

பிழை புகும் வாயில்கள் எவை? முதலாவது, மனிதர் வேண்டுமென்றே இட்டது. பொதுமக்களுக்குரிய அலையில் அமெரிக்கப் படைத்துறை கலந்துவைத்த பிழையை, 2000ஆம் ஆண்டு மே மாதத்திற் சனாதிபதி கிளின்ரன் நீக்குவித்தார். 100 மீற்றர் வரை இருந்த வழு அதனாற் பெரிதும் குறைந்தது. இரண்டாவது, அயனமண்டலம். மின்னேற்றம் பெற்ற இவ்வளிப்படை அலையைத் தாமதிக்கச் செய்யும். காந்த நடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இத்தாமதம் விரைந்து மாறுவது. மூன்றாவது, கட்டடங்களிலும் பாலங்களிலும் பட்டுத் தெறித்துவரும் அலை.

இரண்டாவதைத் திருத்தும் முறையை உவமையால் விளக்குவோம். கல்லூரி மணிக்கூடு ஐந்து நிமிடம் முந்தியதென்று உண்மை நேரம் அறிந்தவன் சொன்னால், அதனைப் பார்ப்போர் யாவரும் ஐந்தைக் கழித்துக்கொள்வர். அவ்வாறே, தன்னிடத்தைத் திட்டமாக அளந்தறிந்த நிலையமொன்று, செய்மதி கூறுவதோடு அதனை ஒப்பிட்டு வேறுபாட்டை அறிவிக்கும். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இந்திய விமானநிலைய அதிகாரசபையும் அமைத்த 'ககன்' இவ்வகையது. 15 நிலையங்களின் அளவைகள் பெங்களூரிலே தொகுக்கப்பெற்று, திருத்தம் ஜிசாற்-8, ஜிசாற்-10 முதலிய செய்மதிகள் வாயிலாகப் பரப்பப்பட்டது. 2015ஆம் ஆண்டில், இறங்கும் விமானத்துக்கு உயர வழிகாட்டவும் அது சான்று பெற்றது.

மூன்றாவது வழுவைத் தொலைவிலுள்ள நிலையம் அறியாது. அது நாம் நிற்குமிடத்தே பிறப்பது. 2018 முதல், இரு அலைவரிசை பெறும் கைத்தொலைபேசிகள் வந்துள்ளன. அவை அயனமண்டலத் தாமதத்தைத் தாமே கணித்து நீக்கவல்லன. எல்5 என்னும் புதிய அலை, தெறித்த அலையைப் பிரித்தறியவும் உதவும். ஆயினும் மேல்வீதியா கீழ்வீதியா என்னும் ஐயம் முற்றும் தீர்ந்திலது. ஆதலின், அவசர வேளையிற் குறியை மட்டும் அனுப்பாது, 'கீழ்வீதியால் வாருங்கள்' என்று ஒரு சொல் உரைத்தல் நலம்.

தன்னிடம் இதுவென ஐயமற அறிந்த நிலையமே பிறர் பிழையைத் திருத்தவல்லது. மாணாக்கர் இதனைச் செய்மதிக்கு மாத்திரம் உரியதெனக் கொள்ளற்க.