முயலுக்கு எந்தத் தோட்டா?

நியூசிலாந்தின் மத்திய ஒட்டாகோவுக்கு வேலைக்கு வந்து, துப்பாக்கி உரிமமும் வாங்கிவிட்ட நம்மூர்த் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, எந்தத் தோட்டாவுக்குப் பவர் ஜாஸ்தி?" முயல் ஒன்றரைக் கிலோ பிராணி. அதைச் சாய்க்கக் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த தோட்டா போதும். நான் திருப்பிக் கேட்பது வேறு. எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறாய்? குண்டு முயலைத் தாண்டினால் எங்கே போய் நிற்கும்? மாதம் எத்தனை பெட்டி சுட்டுப் பழக உன் சம்பளம் இடம் கொடுக்கும்? இவற்றுக்குப் பதில் சொல்லும்போதே எந்தத் தோட்டா என்பதும் முடிவாகிவிடும். என் அனுபவத்தில் பெரும்பாலோருக்கு அது .22 லாங் ரைஃபிள்தான். அதிலும் ஒலியைவிட மெதுவாகப் போகும் சப்சோனிக் வகை.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருப்பதால் முயல் வேட்டை குற்றம். நியூசிலாந்தில் நிலைமை தலைகீழ். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட முயல், 1876லேயே தனிச் சட்டம் போடும் அளவுக்குத் தொல்லையாகிவிட்டது. 1997ல் அரசு அனுமதிக்க மறுத்த முயல் வைரஸை விவசாயிகள் சிலர் ரகசியமாகப் பரப்பினார்கள். அதில் தப்பிப் பிழைத்தவை மறுபடி பெருகின. நான் வேலை செய்வது திராட்சைத் தோட்டத்தில். இளங்கொடியின் பட்டையை முயல் சுற்றிலும் கடித்துவிட்டால் அந்தக் கொடி பட்டுப்போகும். அதனால் இங்கே நிலத்துக்காரரே கூப்பிட்டுச் சுடச் சொல்வார். எத்தனை அடித்தாலும் வரம்பு கிடையாது. ஆனால் அவர் வாயால் சரி என்று சொல்லாமல் வேலிக்குள் கால் வைக்கக் கூடாது.

.22 லாங் ரைஃபிள் 1887ல் வந்த தோட்டா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கியதும் இதே தோட்டாவில்தான். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுண்டுவிரலின் பாதி நீளம்தான் இருக்கும். முனையில் 2.6 கிராம் ஈயக் குண்டு. அதன்மேல் பூசிய மெழுகு விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். பித்தளைக் கூட்டின் அடியில் மெல்லிய விளிம்பு ஒன்று இருக்கிறதே, பற்றவைக்கும் மருந்து அதற்குள்தான் இருக்கிறது. துப்பாக்கி ஊசி அந்த விளிம்பை நசுக்கியதும் தோட்டா வெடிக்கிறது. ரிம்ஃபயர் என்பது இதைத்தான். மெழுகு ஒட்டிய தோட்டாவைச் சட்டைப்பையில் தூசியோடு போட்டு வைக்காதீர்கள். அந்த மண் நேராகக் குழலுக்குள்தான் போகும்.

சப்சோனிக் குண்டு நொடிக்கு 320 மீட்டர் அளவில் போகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் 343 மீட்டர், உறைபனி நாளில் 331. குண்டு ஒலியை முந்தினால்தான் சாட்டை சொடுக்கியதுபோல் அந்த 'டப்' சத்தம் வரும். முந்தாவிட்டால் வராது. இங்கே சைலன்சர் சாதாரணமாகக் கிடைக்கும். அதையும் மாட்டிவிட்டால் ஒரு முயல் விழுந்த பிறகும் பத்தடி தள்ளி இன்னொன்று மேய்ந்துகொண்டே இருக்கும். வேகமான 'ஹை வெலாசிட்டி' வகை நொடிக்கு 375 மீட்டர் போகும். ஆனால் ஒலியின் வேகத்தை ஒட்டிப் பறக்கும்போது காற்றுத் தடை கூடுவதால், பக்கக் காற்றில் மெதுவான குண்டைவிட இதுதான் அதிகம் விலகும். வேகம் கூடினால் குறி நேராகும் என்று நினைப்பவர்கள் காற்று வீசும் நாளில் இரண்டையும் தாளில் சுட்டுப் பார்க்க வேண்டும். முயலுக்கு முனையில் குழி வைத்த 'ஹாலோ பாயிண்ட்' வாங்குங்கள். தாளுக்கும் டப்பாவுக்கும் சாதாரண ஈயக் குண்டு போதும்.

சப்சோனிக்கின் குறை, அது சீக்கிரம் தாழ்ந்துவிடும். 50 மீட்டருக்கு ஸ்கோப்பை அமைத்தால், 75 மீட்டரில் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் கீழே போகும். 100 மீட்டரில் ஒரு சாணுக்கு மேலேயே இறங்கிவிடும். முயலை நோகாமல் கொல்ல அதன் மூளையில் அடிக்க வேண்டும். அது கொட்டைப்பாக்கு அளவுதான். ஆகவே என் எல்லை 60 மீட்டர். அதற்கு மேல் இருந்தால் சுடாமல் கிட்டே போவேன், இல்லாவிட்டால் விட்டுவிடுவேன். காயத்தோடு வளைக்குள் ஓடிய முயல் அங்கேயே கிடந்து மெதுவாகச் சாகும். அந்தக் கொடுமையை எந்த விவசாய நஷ்டமும் நியாயப்படுத்தாது.

"அப்போ பதினேழு வாங்கட்டுமா அண்ணா?" என்று கேட்பார்கள். 2002ல் வந்த .17 ஹெச்.எம்.ஆர். அருமையான தோட்டா. 1.1 கிராம் குண்டு, நொடிக்கு 770 மீட்டருக்கு மேல். 100 மீட்டருக்கு அமைத்தால் 50 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர்தான் மேலே போகும், தூரக் கணக்கே போட வேண்டாம். இங்கே அதற்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. மத்திய ஒட்டாகோ மேய்ச்சல் நிலமெங்கும் ஷிஸ்ட் பாறை துருத்திக்கொண்டிருக்கும். மெதுவான ஈயக் குண்டு அதில் பட்டால் உடையாமல் தெறித்து வேறு திசையில் போகும். 'வீஈஈ' என்று அது போகும் ஒலியை ஒரு தரம் கேட்டவர்கள் பிறகு பாறைப் பக்கம் சுட மாட்டார்கள். .17 குண்டு பட்ட இடத்திலேயே பெரும்பாலும் சிதறிவிடும். அதனால் பாறைச் சரிவில், தூரத்து முயலுக்கு அதுதான் சரி. மண்மேடு பின்னால் இருக்கும் தோட்டத்துக்கு .22 போதும். ஆனால் .17 உடம்பில் பட்டால் கறி கூழாகிவிடும், விலையும் பல மடங்கு. விலை அதிகமானால் பழகுவது குறையும். பழக்கம் குறைந்தவன் கையில் எந்தத் தோட்டாவும் நேராகப் போகாது.

.22 மேக்னம், 'ஹேர்' எனும் பெரிய முயலையும் பாஸம் என்னும் பிராணியையும் சேர்த்துச் சுடுபவர்களுக்குப் பொருந்தும். ஒன்றை மறக்காதீர்கள்: மேக்னம் ரைஃபிளுக்குள் சாதாரண .22 தளர்வாக நுழைந்துவிடும், சுட்டால் கூடு பிளக்கும். குழலில் பொறித்திருக்கும் பெயரும் பெட்டியில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். .223 காட்டு ஆட்டுக்கும் மானுக்கும் ஆகும். முயலுக்கு வேண்டாம்.

ரைஃபிளைப் பொறுத்தவரை போல்ட் ஆக்‌ஷன் வாங்கச் சொல்வேன். பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக்குகளைத் தடை செய்த 2019 சட்டத்துக்குப் பிறகும் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளாத .22 செமி ஆட்டோமேட்டிக் இங்கே அனுமதிதான். ஆனால் சப்சோனிக்கின் உதை போதாமல் அதில் அடிக்கடி கூடு சிக்கிக்கொள்ளும். போல்ட்டில் அந்த வம்பு இல்லை.

இருட்டில் லைட் அடித்துச் சுடுவது தனியார் நிலத்தில்தான். அரசின் பாதுகாப்பு நிலங்களில் தடை. வெளிச்சத்தில் மின்னும் கண்ணை மட்டும் பார்த்து விசையைத் தொடாதீர்கள். காது, முதுகு, உட்கார்ந்திருக்கும் விதம் எல்லாம் தெரிய வேண்டும். ஆட்டுக்குட்டியின் கண்ணும் மின்னும், நாயின் கண்ணும் மின்னும். முயலுக்குப் பின்னால் இருப்பதும் தெரிய வேண்டும்: .22 பெட்டியிலேயே குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும் என்று எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். கறிக்காக எடுப்பதானால் நிலத்தில் பின்டோன் போன்ற விஷம் வைத்தார்களா என்று முதலில் கேளுங்கள். வைத்திருந்தால் அந்த முயல் நாய்க்கும் வேண்டாம்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே அரை நிமிடம் பிடித்திருந்து, அதற்குப் பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். வழக்கமான சத்தம் இல்லாமல் 'புஸ்' என்று மட்டும் கேட்டால் குண்டு குழலில் சிக்கியிருக்கலாம். போல்ட்டைக் கழற்றி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைப் போடாதீர்கள்.

கடைசியாக, எந்தக் கம்பெனித் தோட்டா என்பதை உங்கள் ரைஃபிள்தான் சொல்லும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் ரைஃபிள் இரண்டில் ஒன்றுக்குப் பிடித்த தோட்டா மற்றதற்குப் பிடிக்காது. நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 50 மீட்டரில் மணல் பையின்மேல் வைத்து ஐந்தைந்தாகச் சுடுங்கள். வகை மாற்றும்போது முதல் பத்து இருபது குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய மெழுகு போய்ப் புதியது குழலில் படியும்வரை அவை சிதறும். ஐந்தும் நெருங்கி விழுந்த தாளின் மூலையில் பெட்டியின் 'லாட்' எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்றே கடைக்குப் போய் அதே எண்ணில் எத்தனை பெட்டி இருக்கிறதோ, கைக்கு முடிந்தவரை வாங்கிவிடுங்கள்.