கயிறு பிடிக்கும் கை

அன்பு மகளே,

உன் கடிதம் கிடைத்தது. "பெரியம்மா, பிசியோதெரபி படிப்பு முடிந்ததும் மருத்துவமனைக் கப்பலில் தொண்டு செய்யப் போகலாமா? கப்பலில் அறுவை சிகிச்சை செய்கிற டாக்டருக்குத்தானே வேலை, பிசியோவுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கூடப் படிக்கிறவர்கள் கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய். தாராளமாகப் போ. ஆனால் என்ன வேலைக்குப் போகிறாய் என்பதைத் தெரிந்துகொண்டு போ. நான் அந்தக் கப்பல்களில் பணியாற்றியதில்லை. இந்தத் தூத்துக்குடிக் கரையிலேயே நோயாளிகளை நடக்கப் பழக்கிக் காலம் கழித்தவள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கப்பல்களைப் பற்றி. ஹோப் என்ற வெள்ளைக் கப்பல் 1944-ல் கட்டப்பட்டு அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. கொரியப் போரில் காயம்பட்டவர்களைக் கவனித்தது. பிறகு டாக்டர் வில்லியம் வால்ஷ் தொடங்கிய தொண்டு அமைப்பின் கைக்கு வந்து, 1960-ல் அமைதிக்கால மருத்துவமனையாகப் புறப்பட்டது. 1974 வரை பதினொரு பயணங்கள். அவற்றுள் 1968-ல் தொடங்கிய பயணம் இலங்கைக்கு. ஹோப் போன இடமெல்லாம் அறுவை சிகிச்சையோடு பாடமும் நடந்தது. கப்பலில் வந்த மருத்துவரும் செவிலியரும் உள்ளூர் மருத்துவரையும் செவிலியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். கப்பல் போன பிறகும் வேலை நிற்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கை மறந்துவிடாதே, பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

இன்று நீ போக விரும்புவது அநேகமாக மெர்சி ஷிப்ஸ் அமைப்பின் கப்பலாக இருக்கும். 1978-ல் தொடங்கிய அமைப்பு அது. அவர்களுடைய முதல் கப்பல் அனஸ்தாசிஸ், அதற்கு முன் விக்டோரியா என்ற பெயரில் இத்தாலிக்கும் பம்பாய்க்கும் ஆட்களை ஏற்றிச் சென்ற பயணிகள் கப்பல். இப்போது ஆப்பிரிக்கக் கரையோரம் ஆப்பிரிக்கா மெர்சி, குளோபல் மெர்சி என்று இரண்டு கப்பல்கள் பணி செய்கின்றன. குளோபல் மெர்சி மருத்துவமனையாகவே திட்டமிட்டுக் கட்டப்பட்டது. நீளம் 174 மீட்டர், ஆறு அறுவை அரங்குகள். நோயாளிகளுக்குச் சிகிச்சை இலவசம். தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. பயணச் செலவையும் அவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இனி உன் தோழிகளின் கேள்விக்கு வருவோம். அந்தக் கப்பலுக்கு வருகிற குழந்தைகளை எண்ணிப் பார். அடுப்புத் தீயிலோ கொதிநீரிலோ வெந்து, ஆறிய தழும்பு சுருங்கி, முகவாய் மார்போடும் மேல்கை விலாவோடும் ஒட்டிப்போன குழந்தை வரும். அறுவை மருத்துவர் தழும்பை அறுத்து விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார். சில மணி நேர வேலை. ஆனால் தழும்பின் குணமே சுருங்குவதுதான். மாதக்கணக்கில் அது இழுத்துக்கொண்டே இருக்கும். கட்டை வைத்துக் கட்டி, தழும்பைத் தேய்த்து, அழுத்த உடை அணிவித்து, ஒவ்வொரு நாளும் மூட்டை நீட்டி மடக்காவிட்டால் விடுவித்த கை மறுபடி ஒட்டிக்கொள்ளும். வலிக்கும், குழந்தை அழும். அந்த அழுகைக்கு நடுவே பலூனைத் தட்டச் சொல்லி, பந்தை எட்டிப் பிடிக்கச் சொல்லி, விளையாட்டின் வழியாகக் கையை மேலே உயர்த்த வைப்பதுதான் பிசியோவின் வேலை.

பிறவியிலேயே வளைந்த பாதத்துக்கு பொன்செட்டி முறை இருக்கிறது. வாரம் ஒரு மாவுக்கட்டாகச் சில வாரங்கள் மாற்றி மாற்றிப் போட்டு, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்குவார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் நாணில் ஒரு சிறு வெட்டும் தேவைப்படும். அதோடு முடிந்தது என்று நினைத்தால் பாதம் திரும்ப வளையும். மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கு வயது வரை தூங்கும் வேளையிலும் பட்டை பூட்டிய காலணி போட வேண்டும். அதை மாட்டிவிடப் போவது அம்மா. அந்த அம்மாவுக்கு ஏன், எப்படி என்று புரிய வைக்காத பிசியோ பாதி வேலையைத்தான் செய்திருக்கிறாள்.

இதே பாடத்தை நம் தமிழ்நாடு முன்பே கற்றுக்கொண்டது. 1940-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். வேறொரு வேலை செய்துகொண்டிருந்த தசைநாணை எடுத்து விரலில் தைப்பார். தைத்துவிட்டால் போதுமா? புது வேலையை அந்தத் தசைக்கும் மூளைக்கும் கற்றுக்கொடுக்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். அங்கே பணிசெய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டதற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. சிகிச்சை முடிந்த பிறகுதான் நோயாளியின் வாழ்க்கை தொடங்குகிறது என்பதை அவர் தன் உடம்பிலேயே அறிந்தவர்.

நம் கரைக்கு வா. கொற்கைக் காலம் தொட்டு இது முத்துக்குளித்துறை. குளியாள் கல் கட்டிய கயிற்றோடு ஒரே மூச்சில், கடலடியில் முத்துச்சிப்பி கிடக்கும் பாருக்கு இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும், ஒரு கணம் பிந்தினாலும் உயிர் போகும். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இங்கே சொல்வதுண்டு. உடன்பிறந்தவளின் தாலியை நினைத்து அவன் கண்ணயர மாட்டான் என்ற நம்பிக்கை.

1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்குகுளி நிற்கவில்லை. இப்போது படகில் கம்ப்ரஸரை ஓடவிட்டு, நீளக் குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு நெடுநேரம் அடியில் இருக்கிறார்கள். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரையும். சட்டென்று மேலே வந்தால், மூடி திறந்த சோடா போல அது குமிழியாகப் பொங்கும். குமிழி தண்டுவடத்தைத் தாக்கினால் கால் இரண்டும் மரத்துப்போகும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். மறுபடி கடலில் இறங்கினால் சரியாகும் என்று எண்ணுவது பேராபத்து. உடனே ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகு வருகிற நீண்ட மாதங்கள் நம் பொறுப்பு. படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, மூட்டு இறுகாமல் காப்பது, எழுந்து உட்காரப் பழக்குவது, இரு கம்பிகளுக்கு நடுவே முதல் அடி எடுத்து வைக்கச் செய்வது எல்லாம் பிசியோவின் கைவேலை.

அறுவை மருத்துவரும் குளியாளைப் போல ஆழத்துக்கு இறங்குகிறவர்தான். கயிறு நம் கையில். நோயாளி கரையேறும் வரை அதை விடக் கூடாது. ஆனால் கப்பலுக்குப் புறப்படும் தேதி ஒன்று உண்டு. அன்று கயிற்றை வேறொரு கைக்கு மாற்றிக் கொடுத்தாக வேண்டும். ஹோப் கப்பல்காரர்கள் உள்ளூர்க்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டது இதற்காகத்தான். ஆகவே முதல் நாளிலிருந்தே அந்தத் தாயையும் அண்ணனையும் உள்ளூர்ச் செவிலியரையும் உன்னுடன் சேர்த்துக்கொள். நீ செய்வதைப் பார்க்கச் சொல், பிறகு அவர்களைச் செய்ய வைத்து நீ பார். மொழி தெரியாத இடத்தில் மொழிபெயர்ப்பவரே உன் முதல் மாணவர்.

பட்டம் வாங்கிய கையோடு கப்பலுக்கு எழுதாதே. அங்கே உன்னை மேற்பார்வையிட ஆள் குறைவு, நீயே முடிவெடுக்க வேண்டியிருக்கும். சில ஆண்டுகள் எலும்பு முறிவுப் பிரிவிலும் தீக்காயப் பிரிவிலும் கை பழகு. நம் நாட்டிலேயே ஓடும் மருத்துவமனைகள் உண்டு, அவற்றையும் தெரிந்துகொள். 1991 முதல் ரயில் பெட்டிகளில் அறுவை அரங்கு வைத்து ஊர் ஊராகப் போகிறது லைஃப்லைன் எக்ஸ்பிரஸ். அசாமில் பிரம்மபுத்திராவின் தீவுகளுக்குப் படகு மருத்துவமனைகள் போகின்றன. நம் மாநிலத்தில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், பிசியோவை நோயாளியின் வீட்டுக்கே அனுப்புகிறது. ஒற்றை அறை வீட்டில், கயிற்றுக் கட்டிலில், பாட்டியின் முழங்காலை மடக்க வைக்கத் தெரிந்தவளுக்குக் கப்பலின் படுக்கை பெரிய சவாலாக இருக்காது.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது திரேஸ்புரம் கடற்கரைக்குப் போவோம். கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிற சங்குகுளிக்காரர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மனைவிக்கு அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் முறையைச் சொல்லிக்கொடு. மறுநாள் நீ இல்லாதபோதும் அந்த அம்மா அதைச் சரியாகச் செய்தால், கப்பலுக்கு எழுத உனக்குத் தகுதி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்.

அன்புடன்,
உன் பெரியம்மா