முதலில் அந்த நம்பரைப் பாருங்கள்

கேகாலை டவுனில் போன் கடை ஒன்றில் நிற்கிறவன் நான். புளத்கொஹுபிட்டிய, யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சனம் போனைத் தூக்கிக்கொண்டு வரும். சம்பளம் போட்ட வாரத்தில் கூட்டம் அதிகம். ரப்பர் தோட்டத்து ஆட்கள் மழை நாளிலும் வருவார்கள், மழை என்றால் பால் வெட்டு இல்லை. முறைப்பாடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். "தம்பி, வட்ஸ்அப் வேலை செய்ய மாட்டேங்குது." "பேங்க் அப் எறக்க விடமாட்டேங்குது." "புள்ளைக்குப் பாடம் பாக்குற பக்கம் தெறக்கவே இல்ல." சிக்னல் சரியில்லை, டேட்டா முடிந்தது, வைரஸ் ஏறிவிட்டது என்று ஆளுக்கொரு காரணத்தையும் கையோடு கொண்டுவருவார்கள்.

நான் போனின் கவரைக்கூடக் கழற்றுவதில்லை. செட்டிங்ஸைத் திறந்து, உள்ளே எந்த அன்ட்ரொய்ட் ஓடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். நிறைய போன்களுக்கு அந்த நம்பரே பதில் சொல்லிவிடும். கடைக்குப் பஸ் ஏறி வர முன்னால் வீட்டிலேயே இதைப் பார்த்துக்கொண்டால் பஸ் காசு மிச்சம். என் முதலாளி இதைப் படித்தால் சந்தோஷப்பட மாட்டார்.

சாம்சங் போன் என்றால் செட்டிங்ஸில் விரலால் தள்ளிக்கொண்டே கடைசிக்குப் போக வேண்டும். அடியில் அபௌட் ஃபோன் இருக்கும். அதற்குள் சொஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன், அதற்குள் அன்ட்ரொய்ட் வேர்ஷன். ரெட்மி போன்களில் அபௌட் ஃபோன் செட்டிங்ஸின் உச்சியிலேயே இருக்கும். வேறு சிலவற்றில் சிஸ்டம் என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கும். கிடைக்கவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் பெட்டியில் வேர்ஷன் என்று ஆங்கிலத்தில் அடித்தால் அதுவே கூட்டிக்கொண்டு போகும். ஐஃபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட். அங்கே ஐஓஎஸ் வேர்ஷன் என்று ஒரே வரியில் இருக்கும், குழப்பம் இல்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. டவுனில் வாங்கிய போன் சிங்களத்தில் இருக்கும். மகன் கொழும்பில் வேலை செய்து அனுப்பியது ஆங்கிலத்தில் இருக்கும். மெனுவே தமிழிலும் சிங்களத்திலும் அன்ட்ரொய்டோடு வந்தது 2014இல், 5ஆம் வேர்ஷனில்தான். வாசிக்க முடியாத மொழியில் போன் இருந்தால் எழுத்தை விடுங்கள். வட்டத்துக்குள் சின்ன ஆங்கில ஐ எழுத்துப் போட்ட படம் உள்ள வரியைத் தேடுங்கள். இலக்கம் எந்த மொழியிலும் இலக்கம்தான்.

அந்தப் பக்கத்தைத் திறந்த பிறகுதான் உண்மையான குழப்பம் ஆரம்பிக்கும். அங்கே ஒரு நம்பர் இல்லை, ஒரு கூட்டமே இருக்கும். சாம்சங்கில் முதலில் கண்ணில் படுவது வன் யூஐ வேர்ஷன். அது அன்ட்ரொய்டுக்கு மேல் சாம்சங் போட்ட சட்டை. வன் யூஐ 5.1 என்று இருந்தால் உள்ளே ஓடுவது அன்ட்ரொய்ட் 13. "என் போன் வெறும் அஞ்சுதான், பழசு" என்று நல்ல போனைக் குறைந்த விலைக்குக் கொடுக்க வந்த ஒரு அக்காவை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ரெட்மிக்காரர்களுக்கு இது தலைகீழாக நடக்கும். மியூஐ 14 என்பதைப் பார்த்துவிட்டு அன்ட்ரொய்ட் 14 என்று நினைப்பார்கள், உள்ளே இருப்பது 13 அல்லது அதற்கும் கீழே. ரியல்மீயின் ரியல்மீ யூஐ 2.0 என்பது அன்ட்ரொய்ட் 11. இவை தவிர பேஸ்பேண்ட், கர்னல், பில்ட் நம்பர் என்றும் நீளநீளமாக வரும். அவற்றைப் பார்த்து மிரள வேண்டாம். அன்ட்ரொய்ட் என்ற பெயருக்கு நேரே உள்ளதை மட்டும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதோடு செக்யூரிட்டி பெட்ச் என்று ஒரு திகதி இருக்கும், அதையும் எழுதுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி நம்பரை எப்படி வாசிப்பது? 2014இல் 5, 2015இல் 6 என்று ஆரம்பித்து, 2019இல் 10, 2021இல் 12, 2023இல் 14, 2024இல் 15 என்று வருடத்துக்கு ஒன்று வீதம் வெளிவந்துகொண்டிருக்கிறது. 9 வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் இனிப்புப் பண்டத்தின் பெயர் இருந்தது. 10இலிருந்து வெறும் இலக்கம்தான்.

2023 ஒக்டோபரிலிருந்து அன்ட்ரொய்ட் 5க்குக் கீழே உள்ள போன்களுக்கு வட்ஸ்அப்பின் ஆதரவு இல்லை. ஐஃபோனுக்கு 2025 மே மாதத்திலிருந்து ஐஓஎஸ் 15.1 வேண்டும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த ஐஃபோன் 6ஐப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு இது கசப்பான செய்தி. அது ஐஓஎஸ் 12க்கு மேல் ஏறவே ஏறாது. குரோம் பிரவுசர் 2025 ஓகஸ்டில் வந்த 139ஆம் பதிப்பிலிருந்து அன்ட்ரொய்ட் 10க்குக் கீழே புதிதாக வராது. ஏற்கெனவே உள்ள பழைய குரோம் ஓடும், ஆனால் அதில் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வேலை நின்றுவிட்டது.

எனக்கு அதிகம் வேலை வைத்த எல்லைக்கோடு 7.1.1. ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கும்போது அது உண்மையான பக்கம்தானா என்று போன் ஒரு சான்றிதழைப் பார்க்கும். உலகத்தில் எண்ணற்ற தளங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகக் கொடுக்கும் சான்றிதழைப் பாவிக்கின்றன. 7.1.1க்கு முந்திய அன்ட்ரொய்ட் போன்களுக்கு அந்த அமைப்பின் சொந்த முத்திரை தெரியாது. பழைய முத்திரை ஒன்றின் துணையோடு காலத்தை ஓட்டினார்கள். அந்த ஏற்பாடு 2024 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு நேற்று வரை திறந்த பக்கம் இன்றைக்கு "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று சிவப்புக் காட்டினால், டேட்டா கார்ட் மேல் டேட்டா கார்ட் போட்டுப் பலனில்லை. ஆனால் இந்தச் செய்தியைக் கண்டதும் நம்பரைப் பார்க்க முன்னால் போனில் திகதி சரியா என்று பாருங்கள். பெட்டரி முழுக்கச் செத்துத் திரும்ப உயிர் வந்த போனில் திகதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். அப்போதும் இதே சிவப்புச் செய்திதான் வரும். திகதியைத் திருத்தினால் போதும், செலவு சதமும் இல்லை.

இப்போது அந்த செக்யூரிட்டி பெட்ச் திகதி. 2015இல், ஒரு எம்எம்எஸ் செய்தியை அனுப்பியே போனுக்குள் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று வெளியே தெரியவந்தது. அதன் பிறகுதான் கூகுள் மாதா மாதம் ஓட்டை அடைக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்தத் தொகுப்பு உங்கள் போனுக்குக் கடைசியாக எப்போது வந்தது என்பதைத்தான் திகதி காட்டுகிறது. வேர்ஷன் ஒன்று குறைந்த போனில் பெட்ச் போன மாதத்தையும், ஒன்று கூடிய போனில் வருடக்கணக்கில் முந்தியதையும் காட்டினால், வங்கிக் கணக்கு வைக்க நான் குறைந்ததைத்தான் எடுப்பேன். வேர்ஷன் நம்பரை எல்லாரும் கேட்கிறார்கள். திகதியைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதுதான் எங்கள் ஊரில் நிறைய. 2024 செப்டெம்பரில் தோட்டத்து அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபா ஆன கணக்கில் பார்த்தாலும், 27,000 ரூபா போன் என்பது இருபது முழுப் பேர், அதாவது இருபது நாள் வேலை. அவ்வளவையும் கொடுக்க முன்னால் கொஞ்ச நேரம் கடையில் நின்று பார்க்கலாம், தப்பில்லை.

பெட்டியில் எழுதியிருப்பதை விடுங்கள், சில போன்களில் செட்டிங்ஸில் தெரிகிற நம்பரே பொய். பெரிய கம்பனியின் போன் போலவே அச்சடித்த போலிகளில், உள்ளே பழைய அன்ட்ரொய்டை வைத்துவிட்டு வெளியே 12, 13 என்று எழுதி விற்பார்கள். கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி அந்த வேர்ஷன் நம்பரின் மேலேயே விரலால் தொடர்ந்து தட்டுவது. ஒவ்வொரு வேர்ஷனுக்கும் அதற்கென்று ஒளித்து வைத்த ஒரு விளையாட்டுப் படம் உண்டு. 12 என்று எழுதியிருக்கிற போனில் பெரிதாக எம் என்ற எழுத்து வந்து நின்றால், அது 2015ஆம் ஆண்டின் 6. கடைக்காரரின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். படமே வராவிட்டால் மட்டும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பிளே ஸ்டோருக்குப் போங்கள். அதன் செட்டிங்ஸில், அபௌட் என்ற இடத்தில், இந்தப் போன் கூகுள் சான்று பெற்றதா என்று ஒரு வரி இருக்கும். சான்று இல்லை என்றால் நான் வாங்க மாட்டேன்.

அடுத்து *#06# என்று டயல் செய்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ. ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். கடைசியாக, விற்கிறவர் தன் கூகுள் கணக்கை உங்கள் கண் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். அன்ட்ரொய்ட் 5.1இலிருந்து, கணக்கை எடுக்காமல் ரீசெட் செய்த போன் பழைய சொந்தக்காரரின் ஈமெயிலையே கேட்டுக்கொண்டு நிற்கும். "வீட்டுக்குப் போய் எடுத்துக்கலாம் அண்ணே" என்பதற்குத் தலையாட்ட வேண்டாம்.

ஹுவாவி போன் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 2019 மே மாதம் அமெரிக்கா அந்தக் கம்பனியைத் தடைப்பட்டியலில் போட்டது. அதற்குப் பிறகு வெளிவந்த மொடல்கள் பலவற்றில், உதாரணத்துக்கு 2020இன் ஒய்6பியில், வேர்ஷன் 10 என்று நல்ல நம்பரே இருக்கும், கூகுள் பிளே ஸ்டோர் இருக்காது. நம்பரை மட்டும் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

போனை அப்டேட் செய்வது எப்படி என்பதைவிட செய்யலாமா என்றுதான் என்னிடம் கேட்கிறார்கள். பெட்ச் வந்தால் கட்டாயம் போடுங்கள். ஒரு வேர்ஷனிலிருந்து அடுத்ததற்குத் தாவும் பெரிய அப்டேட், 2 ஜீபி ரெம் உள்ள போனுக்கு வந்தால் நான் யோசிப்பேன். போன் ஆமையாகிவிடும், பழையதற்குத் திரும்புவதும் லேசில்லை. பெரிய அப்டேட் ஒரு ஜீபிக்கு மேலே இழுக்கும். பெக்கேஜில் நைட் டேட்டா சும்மா கிடந்தால், நள்ளிரவுக்குப் பிறகு அதில் இறக்குங்கள். லயத்தில் கரண்ட் போய்வருகிற இடம் என்றால் சார்ஜ் முழுதாக ஏறிய பிறகு தொடங்குங்கள். அப்டேட் நடக்கும் நடுவில் போன் அணைந்தால் என்னிடம்தான் கொண்டுவர வேண்டிவரும்.

அப்டேட்டே வராத போனுக்கு "நான் சரி பண்ணித் தாரேன்" என்று ஜீபி வட்ஸ்அப்பைப் போட்டுக்கொடுக்கும் கடைகள் உண்டு. அது வட்ஸ்அப் நிறுவனத்தின் அப் இல்லை. யாரோ பிரித்து மாற்றிக் கட்டியது. அதைப் பாவிப்பவர்களின் கணக்கை வட்ஸ்அப் முடக்குவதும் உண்டு. தெரிந்தவர் அனுப்பினார் என்று வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தட்டுவதும் இதே வகைதான். பழைய போன் வைத்திருப்பவர்களுக்கே இந்த வலை குறிப்பாக விரிக்கப்படுகிறது, ஏனென்றால் நேர்வழி அவர்களுக்கு அடைபட்டிருக்கிறது.

6, 7 என்று நம்பர் வந்துவிட்ட போனைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். வங்கி அப்பை எடுத்துவிடுங்கள், பாஸ்வேர்ட் எதையும் அதில் வைக்காதீர்கள். வட்ஸ்அப் ஓடும் மட்டும் ஓடட்டும், படங்களையும் பேச்சுகளையும் இப்போதே பெக்அப் எடுத்து வையுங்கள். பழைய போன்கள் பலவற்றில் புதியவற்றில் இல்லாத ஒன்று உண்டு, டேட்டா கேட்காத எஃப்எம் ரேடியோ. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்த மாவட்டம் இது. கனமழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையில் கேகாலையின் பெயர் அடிக்கடி வரும். டவர் விழுந்து சிக்னல் போன இரவில் வட்ஸ்அப் குரூப் பேசாது, ரேடியோ பேசும். ஆனால் அந்த ரேடியோவுக்கு ஹெட்போன் வயர்தான் அன்டெனா. வயரைக் குத்தாவிட்டால் பெரும்பாலான போன்களில் அது எடுக்காது. பழைய போனை எடுத்து வைக்கும்போது வயரையும் அதோடு சுற்றி வையுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜும் போடுங்கள்.