ஏரிக்கரையில் ஒரு படப் பாடம்

வெயில் காலத்தில் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணி இறங்க இறங்க, கரையைச் சுற்றி வளையம் வளையமாக மண் தடம் தெரியும். இன்னும் வற்றினால், 1969 இல் அணை முடிந்தபோது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் வெளியே வரும்.

ஒவ்வொரு தடமும் சுற்றிலும் ஒரே உயரம்தான். தண்ணி ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நிற்காதே! நில அளவைத் திணைக்களத்தின் இடவிளக்கப்படத்தில் வளைந்து வளைந்து போகும் சமவுயரக் கோடும் இப்படித்தான். 1:50,000 படத்தில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீற்றர் உயர வித்தியாசம். படத்தில் 2 சென்ரிமீற்றர், தரையில் 1 கிலோமீற்றர்.

ஏரியிலிருந்து சிவனொளிபாதமலைப் பக்கம் விரலை நகர்த்துங்கள். தேயிலை முடிந்து காடு வரும். 1940 இல் சரணாலயமானது, 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2,243 மீற்றர் உச்சியை நெருங்கும்போது கோடுகள் ஒட்டினாற்போல் கிடக்கும். நெருக்கம் என்றால் செங்குத்து. கோடுகள் மேட்டுப் பக்கம் கூராக மடிந்தால், அது தண்ணி ஓடும் பள்ளம்.

பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பாடம். பெரியவர்களுக்கு வேறொரு காரியம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து மூடியது லயங்களைத்தான். புது வீட்டுக்கு இடம் காட்டினால், மேலே கோடு எப்படி, பள்ளத்து வாயிலா என்று பார்க்கச் சொல்லுங்கள். கோடு மட்டும் போதாது. மண்ணும் ஊற்றுக் கசிவும் சேர்த்துப் பார்த்த மண்சரிவு அபாயப் படம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. கிராம சேவகர் மூலம் கேட்கலாம்.