வெட்டாத படம்

அன்புக் கண்ணம்மாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். புகைப்பட மாநாட்டிலிருந்து திரும்பியதும் கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். நிறைந்த அரங்கில் உன் காசிமேட்டுப் படத்தைத் திரையில் போட்டு, "இதில் என்ன இருக்கிறது?" என்று ஒரு மூத்தவர் கேட்டாராம். போனில் பேசினால் "சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நேற்று ராத்திரி அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். ஏலம் முடிந்த விடியலில் மீன்காரம்மா நோட்டுகளை எண்ணுகிறார். அவருக்குப் பின்னால், வலது ஓரத்தில், வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி ஒன்று. அதை வெட்டிவிடு என்றாராம் அந்த மூத்தவர். கண் பெட்டிக்கு ஓடுகிறது என்பது உண்மைதான், எனக்கும் ஓடியது. அதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வெட்டினால் அந்த அம்மாவின் முழங்கையும், ஐஸ் உருகி ஓடும் ஈரத் தரையும் சேர்ந்து போய்விடும். நீ அரையடி இடப்பக்கம் நகர்ந்து நின்றிருந்தால் அவர் உடம்பே பெட்டியைப் பாதி மறைத்திருக்கும். பார்ப்பவர் எந்த இடத்தில் இடறினார் என்பதைக் கவனமாகக் கேள். அதற்கு அவர் சொல்லும் மருந்தை மட்டும் உடனே விழுங்கிவிடாதே.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. உன் வயதில், மில் ஷிப்ட் முடிந்து நடந்து போகும் ஒருவரைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். படத்தில் பாதிக்கு மேல் வெறும் சுவர். "காலி இடம், வெட்டு" என்றார் நடுவர். வீட்டுக்கு வந்து, 12-க்கு 15 அங்குல பிரிண்டை பிளேடால் வெட்டினேன். அடுத்த போட்டியில் சான்றிதழ் கிடைத்தது. பல வருடம் கழித்து நெகட்டிவை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: அந்தச் சுவரின் நீளம்தான் அந்தத் தொழிலாளியின் களைப்பு. சான்றிதழுக்காக அதை வெட்டி எறிந்திருக்கிறேன்.

பிறகு நானே நடுவராகவும் உட்கார்ந்தேன். மூன்று பேர் மதிப்பெண் போடுவோம். ஒரு படம் திரையில் நிற்பது சில விநாடிகள். நூற்றுக்கணக்கில் பார்த்தபின் கண் மரத்துவிடும். அந்த நேரத்தில் நிறம் கத்துகிற படம் ஜெயிக்கும். உன்னுடையது போன்ற படத்துக்கு நேரம் வேண்டும். அந்த அரங்கில் அது இல்லை.

போட்டிக்கு அனுப்பாதே என்று சொல்லவில்லை. அனுப்பு. பெயருக்குப் பின்னால் ஏஎப்ஐஏபி, இஎப்ஐஏபி என்று புகைப்படப் பட்டங்களைப் போட்டுக்கொள்ள, போட்டிகளில் படம் தேர்வான அக்செப்டன்ஸ்களை எண்ணிக்கொண்டு ஓடாதே என்கிறேன். குலசேகரப்பட்டினம் தசராவில் நேர்த்திக்கடனுக்கு வேடம் கட்டி வந்தவரை நாலு கேமராக்காரர்கள் மறித்து, "இப்படித் திரும்பு, வாயைத் திற" என்று ஆட்டிவைத்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு எரிந்தது. அவர் விரதம் இருந்து வந்தவர். போன வருடம் பரிசு வாங்கிய படம் எப்படி இருந்ததோ, அதே மாதிரி அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அந்த ஓட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லண்டனில் ஒரு சாட்சி உண்டு. அங்கே நடக்கும் போட்டியில் 2009இல் சிறந்த காட்டுயிர்ப் படமாகத் தேர்வானது, வேலிக் கதவைத் தாண்டும் ஓநாய். அது பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, 2010 ஜனவரியில் நடுவர்கள் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் மறுத்தார். ஆனாலும் இன்று அந்தப் படத்தைப் பார்க்கும் யாருக்கும் முதலில் சந்தேகம்தான் வருகிறது.

நுழைவுக் கட்டணம் கட்டுமுன் விதிகளை முழுக்கப் படி. போட்டி நடத்துபவர்கள் படத்தைக் காலத்துக்கும் தாங்களே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தால் அங்கே அனுப்பாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1984 டிசம்பர், போபால் விஷவாயுக் கசிவு. மண்ணுக்குள் போகும் பெயர் தெரியாத ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராயும் எடுத்தார், பாப்லோ பார்த்தலோமியோவும் எடுத்தார். வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் அந்த ஆண்டுக்கான தலைசிறந்த படமாகத் தேர்வானது பாப்லோவின் வண்ணப் படம். ரகு ராயின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அந்த விருது இல்லை. ஆனால் போபால் என்றதும் இன்றும் என் கண்ணில் நிற்பது அந்தக் கறுப்பு வெள்ளைப் படம்தான். அங்கே இருவரும் போய் நின்றது விருதுக்காக அல்ல, அந்தக் குழந்தைக்காக.

பீரோவைத் திற, கண்ணம்மா. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் காசிமேட்டுக்குப் போ. வெட்டாத படத்தைப் பிரிண்ட் போட்டு அந்த அம்மாவிடம் கொடு. அவர் எதை முதலில் பார்க்கிறார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா