பழைய லேசர் படகா? முதலில் எடை போடுங்கள்

பழைய லேசர் படகு வாங்கப் போகிறவர்கள் பாய் கிழிந்திருக்கிறதா, சுக்கான் ஆடுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். இவற்றை மாற்றிக்கொள்ளலாம். படகின் உடலுக்குள் தேங்கிய தண்ணீர்தான் பெரிய தொல்லை. வெளியே பளபளவென்று இருக்கும் படகு உள்ளே ஊறிக் கனத்திருக்கலாம்.

1970களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த இந்த ஒற்றையாள் படகு இன்று ஐஎல்சிஏ என்ற பெயரில் ஓடுகிறது. சென்னையின் நேத்ரா குமணன் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இதன் சிறிய பாய் வகையைத்தான். நீளம் சுமார் 4.2 மீட்டர். வெறும் உடலின் எடை ஏறத்தாழ 59 கிலோ. இந்த 59ஐ மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மூன்று இடங்களில் தங்கும். உள்ளே வெற்றிடத்தில் தளும்பும் தண்ணீர் ஒன்று. மேல்தளத்தின் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே இருக்கும் நுரை அடுக்கில் ஊறியது இன்னொன்று. சில படகுகளில் மிதப்புக்காக உள்ளே வைத்த நுரைக்கட்டிகளில் ஏறியது மூன்றாவது. ஒரு சோதனை இந்த மூன்றையும் காட்டாது.

தளும்பும் தண்ணீரைக் கண்டுபிடிப்பது எளிது. பின்புறத் துளையின் மூடியைக் கழற்றி, படகின் முன்பக்கத்தை உயர்த்தினால் வடிந்துவிடும். சிலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நுரையில் ஊறிய தண்ணீர் தளும்பாது, வடியாது. அதற்குத் தராசுதான் வேண்டும்.

எடை போடுவதற்கு நிகரான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. கயிறு, கப்பி எல்லாவற்றையும் கழற்றி, தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு எடை போடுங்கள். பெரிய தராசு கிடைக்காவிட்டால் குளியலறை எடைமானி போதும். முன்பக்கம் அதன்மேல், பின்பக்கம் அதே உயரக் கட்டையின்மேல். எண்ணைக் குறித்துக்கொண்டு, தாங்கும் புள்ளிகளை நகர்த்தாமல், எடைமானியையும் கட்டையையும் மட்டும் இடம் மாற்றுங்கள். இரண்டு எண்களின் கூட்டல்தான் படகின் எடை. பழுது பார்த்த ஃபைபரும் பிசினும் இரண்டு மூன்று கிலோ கூட்டலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு கிலோ கூடினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பத்துக்கு மேல் போனால் அந்தப் படகு பந்தயத்துக்கு ஆகாது என்பது என் கணிப்பு.

தராசு எங்கே ஊறியிருக்கிறது என்று சொல்லாது. அதற்குத் தட்டிப் பார்க்க வேண்டும். காலணா செலவில்லை, ஒரு நாணயமோ ஸ்க்ரூடிரைவரின் பிடியோ போதும். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென்று ஒலிக்கும். கெட்ட இடம் ‘தொப்’ என்று அடங்கும். ஆனால் தகடு விட்டுப்போன இடமும் இப்படித்தான் ஒலிக்கும், அங்கே தண்ணீர் இல்லாமலும் இருக்கலாம். காலால் மெல்ல அழுத்தித் தளம் அமுங்குகிறதா என்றும் பாருங்கள்.

ஈரமானி என்ற மின்கருவியைப் பலர் முதலில் தேடுகிறார்கள். அதற்கு நான் கடைசி இடம்தான் தருவேன். மேற்பரப்பில் படிந்த உப்பும் ஈரமும் அதை ஏமாற்றும். கார்பன் ஃபைபரில் அது உதவவே உதவாது. நன்னீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்த பிறகு, ஒரே படகின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். வெப்பப் படமெடுக்கும் கேமரா விலை அதிகம், சின்னப் படகுக்குத் தேவையில்லை.

தண்ணீர் புகுந்த வழியைக் கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீர். படகில் இருக்கும் சிறிய மூச்சுத்துளையை டேப்பால் மூடிவிட்டு, பின்புறத் துளை வழியே வாயாலோ கைப்பம்பாலோ மெல்லக் காற்று செலுத்துங்கள். விளிம்பு இணைப்பு, நடுப்பலகைக் குழாய், சுக்கான் பொருத்திய திருகுகள், தண்ணீர் வெளியேற்றும் பெய்லர் இவற்றில் குமிழி வருகிறதா பாருங்கள். கம்ப்ரஸரை நெருங்கவே விடாதீர்கள், இணைப்புகள் பிளந்துவிடும். சோதனை முடிந்ததும் டேப்பை எடுக்க மறக்காதீர்கள். வெயிலில் சூடான காற்று விரிந்து வெளியேறவும், குளிர்ந்ததும் திரும்ப உள்ளே வரவும் அந்தத் துளைதான் வழி. அதை மூடிவிட்டால் படகு கசிவுகள் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்.

பாய்மரம் நிற்கும் குழி மிக முக்கியம். லேசரின் பாய்மரத்துக்குத் தாங்கு கயிறு கிடையாது. காற்றின் முழு விசையையும் அந்தக் குழியும் தளமும்தான் சுமக்கின்றன. குழியில் தண்ணீர் ஊற்றி, மட்டத்தை மார்க்கரால் குறித்து ஒரு மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடி விட்டுவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட படகில் பலத்த காற்றில் பாய்மரம் தளத்தைப் பெயர்த்துக்கொண்டு சாயலாம். எடை சரியாக இருந்தாலும் சீராக்காமல் கடலில் இறக்காதீர்கள்.

ஊறிய நுரையைக் காயவைக்க, தளத்தில் ஐந்தாறு அங்குல ஆய்வுத்துளை போட்டு, மின்விசிறியால் வாரக்கணக்கில் காற்று ஓட்ட வேண்டியிருக்கும். வாங்கும் முன் விற்பவரின் படகில் இதைச் செய்ய முடியாது. எடை போடுவதற்கும் குழியில் தண்ணீர் ஊற்றுவதற்கும் அவர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.