கூட்டின் குறியும் பிடிப்பின் வரம்பும்

ஏரித் தண்ணீர் ஊருக்குப் பொது. முறை வைத்துப் பாய்ச்சாத ஊரில், ‘நாம் விட்டால் அடுத்தவர் திருப்பிக்கொள்வார்’ என்னும் எண்ணம் ஒவ்வொருவர் மனத்திலும் எழும். முடிவில் கடைமடை காயும். கடலின் நிலைமை இதனினும் கடினமானது. ஏரிக்குக் கரை உண்டு. கடலுக்கு வேலி இல்லை. பிடித்தவருக்கே மீன் சொந்தம் என்றிருக்கும் இடத்தில், சிறியதை இன்று விட்டுவிடுபவர் அது வளர்ந்து தமக்கே கிட்டும் என்று எவ்வாறு நம்புவார்? அத்தகைய இடத்திலும் கட்டுப்பாடு நிலைபெறும் வழி யாது என்பதே இம்மாதப் பாடம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெய்ன் மாநிலத்தில், சிங்கி இறால் பிடிப்போர் கைக்கொள்ளும் விதிகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1. உடைமைக் குறி

அங்கே சிங்கி இறாலைக் கூடு வைத்துப் பிடிக்கின்றனர். இரையிட்ட கம்பிக்கூட்டைக் கடலடியில் இறக்கி, அதன் கயிற்றின் மேல்முனையில் மிதவையைக் கட்டுவர். மிதவைக்கு ஒவ்வொருவரும் தமக்கெனத் தனி வர்ணம் தீட்டுகின்றனர். அதே வர்ணத்தைப் படகிலும் பிறர் காணுமாறு காட்டுதல் வேண்டும். மிதவையில் உரிமத்தின் எண் இருத்தல் வேண்டும். அரசாங்கம் வழங்கும் எண்ணிட்ட வில்லையைக் கூட்டில் பொருத்துதல் வேண்டும். பிறர் கூட்டைத் தூக்குவது குற்றம். அதனால் உரிமத்தையே இழக்க நேரிடலாம்.

குறி இருப்பதால் இரு நன்மைகள் விளைகின்றன. ஒன்று, திருட்டு வெளிப்படும். மற்றொன்று, எண்ணிக்கை தெரியும். எண்ண முடியாததற்கு வரம்பு விதிப்பது வீண் முயற்சி. ஆகவே குறியே முதல் விதி. மற்றவை அதன்மேல் கட்டப்பட்டவை.

2. எண்ணிக்கை வரம்பு

முன்னாளில் மாநிலம் முழுமைக்குமான கூட்டு வரம்பு அங்கு இல்லை. பக்கத்துப் படகுக்காரர் நூறு கூடுகளைக் கூட்டினால், தாமும் கூட்டாவிடில் தம் பங்கு குறையும் என்று ஒவ்வொருவரும் அஞ்சினர். கூடும் கயிறும் இரையும் பெருகிச் செலவு ஏறியது. 1995ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் இதனை மாற்றியது. கடற்கரை வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. இன்று அவை ஏழு. உரிமம் பெற்றோர் தம்முள் தேர்ந்தெடுக்கும் குழு வட்டாரந்தோறும் உண்டு. மாநில உச்சவரம்பு ஆளுக்கு 800 கூடுகள். வட்டாரத்தில் வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினர் சம்மதித்தால், அதனினும் குறைந்த வரம்பை விதியாக்கலாம்.

ஒருவர் இத்தனை எடைதான் பிடிக்கலாம் என்ற வரம்பு அங்கு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வரம்பு கருவிக்கும், பிடிபடும் உயிரின் அளவுக்குமே உரியது.

3. அளவு வரம்பு

படகிலேயே அளவுகோல் வைத்து ஒவ்வொரு சிங்கி இறாலையும் அளக்கின்றனர். கண்குழியிலிருந்து முதுகோட்டின் பின்விளிம்பு வரை 3¼ அங்குலத்துக்குக் குறைந்ததும் ஆகாது. 5 அங்குலத்துக்கு மிகுந்ததும் ஆகாது. சிறியது இனம் பெருக்க வளர வேண்டும். பெரியதை ஏன் விட வேண்டும் எனில், ஒரு பவுண்டு எடையுள்ள பெண் இறால் ஏறத்தாழ 8,000 முட்டைகளைச் சுமக்க, மிகப் பெரியதோ ஒரு லட்சத்துக்கும் அதனினும் மேலுமாகச் சுமக்கும். கூட்டில் அகப்பட்டது உயிரோடிருப்பதால் திரும்ப விடுவதும் எளிது. சிறியவை தாமே வெளியேறக் கூட்டில் சிறு வாயில் உண்டு. தொலைந்த கூடு கடலடியில் வீணே கொன்றுகொண்டிராதபடி, நாளடைவில் மட்கித் திறக்கும் பகுதியும் உண்டு.

முட்டை சுமக்கும் பெண் இறாலை எடுத்தலாகாது. அதன் வால்மடலில் ‘வி’ வடிவில் ஒரு வெட்டுக்குறி இட்டுக் கடலில் விடுவர். பின்னர் அது முட்டையின்றி அகப்பட்டாலும், குறியுள்ளவரை எவரும் அதை விற்கலாகாது. மிதவையின் குறி ‘இது ஒருவருடையது’ என்கிறது. வாலின் குறி ‘இது எல்லோருடையது’ என்கிறது.

4. விதிகளால் ஆனதும் ஆகாததும்

மெய்னில் 2016ஆம் ஆண்டில் 13 கோடி பவுண்டுக்கு மேல் பிடிபட்டது. இந்த வளம் முழுவதும் விதிகளின் பயன் என்று கூறிவிடலாகாது. கடல்நீர் வெப்பமடைந்ததும், இளம் இறாலைத் தின்னும் காட் மீன் குறைந்ததும் துணைக் காரணங்கள். அதே வெப்பம் மிகுந்ததால் தெற்கே உள்ள கடற்பகுதியில் சிங்கி இறால் அருகிவிட்டது. மெய்னிலும் 2022 முதல் பிடிப்பு 10 கோடி பவுண்டுக்குக் கீழ் இறங்கியது. இளம் இறால் குறைவதைக் கண்ட மாநிலங்களின் பொது ஆணையம், குறைந்தபட்ச அளவை 1/16 அங்குலம் உயர்த்த முடிவு செய்தது. பிடிப்போர் கடுமையாக எதிர்த்தனர். 2025இல் அம்முடிவு கைவிடப்பட்டது. அண்டை நாடான கனடாவில் சிறிய அளவு செல்லுபடியாகையில் தாம் மட்டும் விடுவானேன் என்பது அவர்களுடைய வாதங்களுள் ஒன்று. நாம் முதலில் கண்ட ஏரிக்கரை வாதமே இது!

குறியும் சில வேளை இட்டவரையே சுடும். அருகிவரும் ரைட் திமிங்கலம் கயிற்றில் சிக்கி இறப்பதால், எம்மாநிலத்துக் கயிறு என அறியும்பொருட்டு மெய்னின் மிதவைக் கயிறுகளில் 2020 முதல் ஊதா நிறம் இடப்படுகிறது. பழி தம்மீது வீணே விழாது என்று பலர் எண்ணினர். 2024 ஜனவரியில் மாசசூசெட்ஸ் கரையில் ஒதுங்கிய இறந்த திமிங்கலத்தின் வாலில் இறுகியிருந்த கயிற்றில் ஊதாக் குறி காணப்பட்டது. உண்மையைக் காட்டும் குறி, நமக்கு உவப்பானதை மட்டும் காட்டாது.

5. நமக்குரிய பாடம்

நம் நாட்டிலும் சிங்கி இறால் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை 2003இல் விதிக்கப்பட்டது. எனினும் ஏற்றுமதிக் கூடத்தில் தராசு மறுக்கும் சிறிய இறால், பெரும்பாலும் மீண்டும் கடலுக்குச் செல்வதில்லை. விதி வேலை செய்ய வேண்டிய இடம் படகு.

நெசவாளர் சங்கத்தின் முத்திரை பெற்ற துணியில் இழை குறைந்தால், குறைவது ஒரு தறியின் பெயரன்று, சங்கத்தின் பெயர். விவசாயிகள் சங்கத்தில் முறை தவறி மடை திறப்பவர் எடுப்பது அடுத்தவர் தண்ணீர். மேற்பார்வையாளர் வருமுன்பே தறியிலும் மடையிலும் விதி காக்கப்பட வேண்டும். தாமே கூடி வகுத்ததும், யார் செய்தது என்பது வெளிப்படையானதும், எல்லோரையும் ஒருங்கே கட்டுவதுமான விதியே அவ்வாறு காக்கப்படும்.

கலந்தாராய வேண்டிய கேள்விகள்

(அ) நம் சங்கத்துப் பொருளில் செய்தவரை அறியும் குறி உண்டா?

(ஆ) நம் விதிகளுள் அங்கத்தினரே வாக்களித்து ஏற்றவை எவை?

(இ) வருவாய் குறையும் ஆண்டிலும் நாம் விடாது காக்கக்கூடிய வரம்பு எது?